குயின்ஸ்லாந்தில் இடைக்காலத் தடை வந்துவிட்டதா? கியூகேட்டில் மறுபரிசீலனை கேட்பது எப்படி

மசாஜ் தெரபிஸ்ட், நேச்சுரோபதி பார்ப்பவர், கவுன்சலர், முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் உதவி நர்ஸ், வீட்டு முன்னறையில் சித்த மருத்துவ ஆலோசனை சொல்பவர், ஆயுர்வேத எண்ணெய்ச் சிகிச்சை தருபவர். ஆஸ்திரேலியாவில் இவர்கள் யாருடைய தொழிலும், உடல்நலப் பணியாளர்களைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பான அஹ்ப்ராவின் பதிவுப் பட்டியலில் கிடையாது. அந்தப் பட்டியலில் டாக்டர், நர்ஸ், பிசியோ, சைக்காலஜிஸ்ட் என்று 16 தொழில்கள்தான் இருக்கின்றன. சீன மருத்துவம் 2012-இல் உள்ளே போய்விட்டது, நம் சித்தமும் ஆயுர்வேதமும் வெளியேதான் நிற்கின்றன. சரி, பதிவே இல்லையென்றால் நம்மை யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். குயின்ஸ்லாந்தில் கேட்க ஆள் உண்டு. உடல்நலச் சேவை பற்றிய புகார்களை விசாரிக்கும் ஹெல்த் ஆம்புட்ஸ்மன் என்ற அதிகாரி, 2013-ஆம் ஆண்டின் ஹெல்த் ஆம்புட்ஸ்மன் சட்டத்தின் கீழ், பதிவில்லாத ஒருவரை விசாரணை முடிவதற்கு முன்பே வேலையிலிருந்து நிறுத்திவைக்க முடியும். அதற்குப் பெயர் இடைக்காலத் தடை உத்தரவு. அந்த உத்தரவு உங்கள் கைக்கு வந்துவிட்டால் கியூகேட்டில், அதாவது குயின்ஸ்லாந்து சிவில் மற்றும் நிர்வாகத் தீர்ப்பாயத்தில், அதை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்கலாம். எப்படிக் கேட்பது என்பதுதான் இங்கே விஷயம்.

மற்ற மாநிலத்தில் இருக்கும் நண்பரின் அனுபவத்தை வைத்து இங்கே கணக்குப் போடாதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் இடைக்காலத் தடை அதிகபட்சம் 8 வாரம், விக்டோரியாவில் 12 வாரம். அங்கே தீர்ப்பாயத்தில் வாய்தா வருவதற்குள் தடையே காலாவதியாகிவிடலாம், அப்புறம் புதிதாக இன்னொன்று வரலாம். குயின்ஸ்லாந்தில் அப்படி வாரக்கணக்கு எதுவும் இல்லை. ஆம்புட்ஸ்மன் ரத்து செய்யும்வரை, இல்லை கியூகேட் அதை நீக்கும்வரை, அல்லது முழு வழக்கும் ஒரு முடிவுக்கு வரும்வரை உத்தரவு அப்படியே நிற்கும். "இடைக்காலம்தானே, ரெண்டு மாசத்தில் போய்விடும்" என்று சும்மா உட்கார்ந்திருந்தால் வருடமே ஓடிவிடும்.

முதலில் உத்தரவை முழுதாகப் படியுங்கள்

கோபத்தில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஃபோனை எடுக்கிறோம், அது மனித இயல்பு. ஆனால் உங்களுக்கு வேண்டியது எல்லாம் உள்ளே இருக்கிறது. தடை எதற்கு என்பது முதல் கேள்வி. சில உத்தரவுகள் எந்த உடல்நலச் சேவையும் தரக் கூடாது என்று மொத்தமாக அடைக்கும், சில உத்தரவுகள் குறிப்பிட்ட ஒரு சேவையை மட்டும் நிறுத்தும், இன்னும் சில, வேலையைத் தொடரலாம் ஆனால் இன்னின்ன கட்டுப்பாட்டோடு என்று சொல்லும். மொத்தத் தடையாக இருந்தால் அதில் பெரும்பாலும் காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும். அதாவது கோயிலில் இலவச முகாம், தெரிந்தவருக்குச் சும்மா ஒரு கழுத்து மசாஜ், இதெல்லாமும் அடங்கிவிடும். சட்டத்தில் உடல்நலச் சேவை என்பதற்கான விளக்கம் மிக அகலமானது. மக்களின் உடல்நலத்தையும் நலவாழ்வையும் காக்க, மேம்படுத்த, சரிசெய்ய என்று சொல்லிக்கொண்டு தரப்படும் எதுவும் அதற்குள் வரும். கடையில் எண்ணெய் விற்பது வேறு, அந்த எண்ணெயை எந்த நோய்க்கு எப்படித் தடவ வேண்டும் என்று உட்காரவைத்து ஆலோசனை சொல்வது வேறு. சந்தேகம் வந்தால் செய்யாதீர்கள், எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

உத்தரவை மீறுவது தனிக் குற்றம். முதல் புகாரில் நீங்கள் முழுக்க நிரபராதியாகவே இருந்தாலும், தடை இருக்கும்போது ஒரே ஒரு கிளையன்டைப் பார்த்தது தெரியவந்தால் தீர்ப்பாயத்தில் உங்கள் வார்த்தைக்கு மதிப்பு போய்விடும்.

அடுத்து, காரணங்கள். உத்தரவோடு வரும் நோட்டீஸில் ஏன் இந்த முடிவு என்றும் எப்படி மறுபரிசீலனை கேட்பது என்றும் எழுதியிருக்கும். காரணங்களை ஒவ்வொன்றாகத் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் உங்கள் பிரமாணப் பத்திரம் அந்த வரிசையில்தான் போகப் போகிறது.

மூன்றாவது, தேதி. நோட்டீஸ் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து 28 நாள். நீங்கள் வக்கீலைப் பார்த்த நாளிலிருந்தும் இல்லை, ஊரிலிருந்து திரும்பிவந்த நாளிலிருந்தும் இல்லை. காலம் கடந்துவிட்டால் கூடுதல் அவகாசம் கேட்க கியூகேட் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் ஏன் தாமதம், எத்தனை நாள் தாமதம், வழக்கில் சாரம் இருக்கிறதா என்றெல்லாம் விளக்க வேண்டிவரும். அது உங்களுக்கு எதற்கு வீண் வேலை.

கியூகேட்டுக்கு முன்னால் இருக்கும் ஒரு கதவு

வழக்கமாக ஆம்புட்ஸ்மன் முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பி, உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் தடை போட வேண்டும். ஆபத்து உடனடியானது என்று கருதினால் கேட்காமலே போடலாம், அப்படிப் போட்டால் அதன் பிறகு உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும். அந்த அழைப்பை வீணாக்காதீர்கள். நிறையப் பேர் "நான் எதுவும் தப்பு செய்யவில்லை, பொறாமையில் கொடுத்த புகார்" என்று நாலு வரி ஈமெயில் அனுப்பிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த ஈமெயிலும் பின்னால் கியூகேட் கோப்பில் வந்து உட்காரும்.

தடை போட்ட பிறகும் சூழ்நிலை கணிசமாக மாறியிருந்தால் உத்தரவைத் திருத்தச் சொல்லி ஆம்புட்ஸ்மனிடமே விண்ணப்பிக்கலாம். போலீஸ் வழக்கு கைவிடப்பட்டது, உடல்நிலை சரியாகிவிட்டது என்று டாக்டர் அறிக்கை வந்துவிட்டது, தனியாக நடத்திய கிளினிக்கை மூடிவிட்டு மேற்பார்வையாளர் இருக்கும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, இந்த மாதிரி மாற்றங்கள். இது தீர்ப்பாயத்தைவிடச் சில நேரம் வேகமாக முடியும். ஆனால் இதற்காகக் காத்திருந்து 28 நாளைத் தவறவிட்டுவிடாதீர்கள், இரண்டு கடிகாரமும் தனித்தனியாக ஓடுகின்றன.

தீர்ப்பாயம் எதைப் பார்க்கிறது

என்னைக் கேட்டால் இந்தப் பகுதிதான் எல்லாவற்றிலும் முக்கியம், பாதிப் பேர் தோற்பதும் இதைப் புரிந்துகொள்ளாமல்தான் என்று நினைக்கிறேன்.

இடைக்காலத் தடைக்குச் சட்டம் கேட்பது இரண்டு விஷயம். உங்கள் உடல்நிலை, நடத்தை அல்லது வேலைத்திறன் காரணமாக மற்றவர்களுக்குக் கடுமையான ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான அடிப்படை வேண்டும். பொதுமக்களின் உடல்நலத்தை அல்லது பாதுகாப்பைக் காக்க இந்த உத்தரவு தேவை என்பதும் வேண்டும். புகார் உண்மை என்று நிரூபித்தாக வேண்டும் என்று அதில் இல்லை. நிரூபணம் எல்லாம் பின்னால் வரும் முழு விசாரணையில். அதனால் கியூகேட்டில் போய் "அந்தப் பெண் பொய் சொல்கிறார்" என்று மூன்று மணி நேரம் பேசினாலும் வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாய உறுப்பினர் கேட்கப்போவது ஒன்றுதான்: அது இன்னும் முடிவாகவில்லை, இடைப்பட்ட காலத்தில் ஆபத்து இருக்கிறதா இல்லையா? இந்தச் சட்டத்தின் தலையாய கொள்கையே பொதுமக்களின் உடல்நலமும் பாதுகாப்பும் எல்லாவற்றுக்கும் மேல் என்பதுதான். உங்கள் வீட்டுக் கடன், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் உண்மையான கஷ்டம். அவற்றைச் சொல்லுங்கள், ஆனால் அவற்றை மட்டுமே சொன்னால் பலன் இல்லை.

இன்னொன்று, புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். புகாரே இல்லாமலும் ஆம்புட்ஸ்மன் இந்த நடவடிக்கையை எடுக்க முடியும். புகார் கொடுத்தவரைப் பேசிச் சமாதானப்படுத்துகிறேன் என்று சொந்தக்காரர்களை அனுப்புவது இருப்பதிலேயே மோசமான யோசனை. சமாதானம் செய்யப் போனது மிரட்டல் என்று கோப்பில் ஏறிவிடும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. கியூகேட்டில் நடப்பது பழைய முடிவில் தப்பு கண்டுபிடிக்கும் வேலை மட்டும் இல்லை. விஷயத்தை முதலிலிருந்து புதிதாக எடுத்துப் பார்த்து, சரியான, பொருத்தமான முடிவு எது என்று தீர்ப்பாயமே தீர்மானிக்கும். ஆம்புட்ஸ்மனிடம் காட்டாத புதிய ஆவணங்களை வைக்கலாம், தடைக்குப் பிறகு நடந்ததைச் சொல்லலாம். தீர்ப்பாயம் உத்தரவை அப்படியே உறுதி செய்யலாம், மாற்றலாம், ரத்து செய்து தன் முடிவை அதற்குப் பதிலாக வைக்கலாம், அல்லது மறுபடி யோசியுங்கள் என்று சில வழிகாட்டல்களோடு ஆம்புட்ஸ்மனுக்கே திருப்பி அனுப்பலாம். இந்த நான்கில் நடுவில் இருக்கும் "மாற்றலாம்" என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம்

படிவம் 23, ஒரு முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரும் விண்ணப்பம். கியூகேட் இணையதளத்தில் கிடைக்கும். உத்தரவையும் நோட்டீஸையும் இணைக்க வேண்டும், கட்டணம் உண்டு, வருமானம் நின்றுபோய்க் கட்ட முடியாத நிலை என்றால் கட்டண விலக்கு கேட்கலாம். அதற்கும் தனிப் படிவம், வங்கி விவரம் எல்லாம் வைக்க வேண்டும். உத்தரவு போட்ட அலுவலகத்துக்கும் நகல் போக வேண்டும். படிவத்தில் "ஏன் இந்த முடிவு தவறு" என்ற இடத்தில் வாழ்க்கை வரலாறு எழுதாதீர்கள். ஆபத்து ஏன் கடுமையானது இல்லை, அல்லது ஆபத்தைக் கட்டுப்படுத்த மொத்தத் தடை ஏன் தேவையில்லை, இந்த இரண்டு கேள்விக்கும் சுருக்கமான பதில் போதும். விவரம் பின்னால்.

ஊரில் கோர்ட்டில் ஸ்டே வாங்கிவிட்டேன் என்று நாம் சாதாரணமாகப் பேசிப் பழகியிருக்கிறோம், அதனால் மனு போட்டாலே தடை நின்றுவிடும் என்ற எண்ணம் பலருக்கு உள்ளூர இருக்கிறது. இங்கே மனு போட்டதால் மட்டும் உத்தரவு நிற்காது. முடிவு வரும்வரை கடைப்பிடித்தே ஆக வேண்டும்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் ஆம்புட்ஸ்மன் தரப்பு தங்கள் காரணங்களையும் கையில் இருக்கும் சம்பந்தப்பட்ட ஆவணங்களையும் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும், அதற்கும் பொதுவாக 28 நாள். அந்தக் கட்டு வரும்போதுதான் உங்களுக்கு எதிராக உண்மையில் என்ன இருக்கிறது என்பது முழுதாகத் தெரியும். அதைப் படிக்காமல் பிரமாணப் பத்திரம் எழுதி முடித்துவிடாதீர்கள். நடுவில் எந்தத் தேதிக்குள் யார் எதைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று தீர்ப்பாயம் வழிகாட்டு உத்தரவுகள் போடும். அந்தத் தேதிகளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள், விளையாட்டில்லை.

ஆங்கிலம் அவ்வளவாக வராது என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். மகனையோ மருமகளையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பாலியல் தொடர்பான குற்றச்சாட்டாக இருந்தால் அவர்களும் கூசிப்போய் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

வக்கீல் வேண்டுமா? கியூகேட்டில் பொதுவாக அவரவரே பேச வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு, வக்கீல் வைக்கப் பல வழக்குகளில் அனுமதி கேட்க வேண்டும். ஆனால் உங்கள் பிழைப்பே பணயத்தில் இருக்கும் இந்த மாதிரி விஷயத்தில் கேட்பதில் தயங்க வேண்டாம். செலவு என்று பார்த்தால் அவரவர் செலவு அவரவருக்கு என்பதே தொடக்க விதி, ஜெயித்தாலும் எதிர்த்தரப்பு உங்கள் ஃபீஸைக் கட்டும் என்று நம்பி இறங்காதீர்கள். முழு வழக்குக்கும் வைக்க முடியாவிட்டாலும் பிரமாணப் பத்திரத்தை ஒருமுறை சரிபார்க்கவாவது ஒருவரைப் பாருங்கள். போலீஸ் வழக்கும் சேர்ந்து ஓடுகிறது என்றால் இது கட்டாயம். கியூகேட்டில் நீங்கள் சத்தியம் செய்து சொல்வது அந்தக் கிரிமினல் வழக்கில் உங்களுக்கே எதிராக வரலாம், அதனால் முதலில் கிரிமினல் வக்கீல், அப்புறம்தான் கியூகேட் தாள். பொய் சொல்வதும் தனிக் குற்றம், இதை நான் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

என்ன ஆதாரம் வேலை செய்யும்

குயின்ஸ்லாந்தில் 2015 அக்டோபர் 1 முதல் பதிவில்லாத உடல்நலப் பணியாளர்களுக்கான தேசிய நடத்தை விதிகள் அமலில் இருக்கின்றன. மொத்தம் 17 விதி. சம்மதம் வாங்குவது, தொற்றுத் தடுப்பு, கிளையன்டைப் பண ரீதியாகச் சுரண்டாதிருப்பது, பாலியல் அத்துமீறல் கூடாது, பதிவேடுகள் வைப்பது, இன்சூரன்ஸ் எடுப்பது, இந்த விதிகளையே கிளினிக்கில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவைப்பது வரை அதில் வரும். உங்கள்மேல் இருக்கும் குற்றச்சாட்டு எந்த விதியைத் தொடுகிறது என்று பார்த்து, அந்த விதிக்குப் பதிலாக உங்கள் ஆதாரத்தை அடுக்குங்கள். சம்மதம் பற்றிய புகார் என்றால் கையெழுத்து வாங்கிய சம்மதப் படிவங்கள், அப்படி ஒரு படிவமே இதுவரை இல்லையென்றால் இனி என்ன செய்வேன் என்பதற்கு உருப்படியான மாதிரி. பதிவேடு பற்றியது என்றால் பழைய குறிப்புகள் அப்படியே, ஒரு எழுத்தும் மாற்றாமல். இப்போது உட்கார்ந்து அழகாகத் திருத்தி எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு எதை நீட்டினாலும் நம்ப மாட்டார்கள்.

நம் ஆட்கள் அதிகம் மாட்டக்கூடிய விதி வேறு ஒன்று என்று தோன்றுகிறது: புற்றுநோய் போன்ற கடும் நோயைக் குணப்படுத்துவேன் என்று சொல்லக் கூடாது, டாக்டர் கொடுத்த சிகிச்சையை விட்டுவிடச் சொல்லக் கூடாது. "சர்க்கரை மாத்திரையை நிறுத்துங்கள், இந்தக் கஷாயம் போதும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வாய்ஸ் நோட் இருந்தால் அதைச் சமாளிக்க எந்த வக்கீலாலும் சுலபமாக முடியாது. வெளிப்படையாகச் சொல்கிறேன், அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பவர் மேல் தடை வந்தால் அது சரியான தடை. உங்கள் இணையதளத்திலோ ஃபேஸ்புக்கிலோ அந்த மாதிரி வரிகள் இருந்தால், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, எடுத்துவிடுங்கள், எடுத்ததையும் பிரமாணப் பத்திரத்தில் நீங்களே சொல்லுங்கள். மறைத்ததாகத் தெரியக் கூடாது.

நற்சான்றுக் கடிதங்கள் பற்றி. "இவர் மிகவும் நல்லவர், எங்கள் குடும்ப நண்பர்" என்ற இருபது கடிதத்தைவிட, குற்றச்சாட்டு இன்னது என்று தெரிந்துகொண்டு, அதைக் குறிப்பிட்டு, இத்தனை வருடம் அருகில் இருந்து வேலை பார்த்தேன், நான் பார்த்தது இதுதான் என்று மேலாளரோ சக ஊழியரோ எழுதும் ஒரு கடிதம் பெரிது. குற்றச்சாட்டே தெரியாமல் எழுதிய கடிதம் கிட்டத்தட்ட பயனில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் கடிதம் வாங்குபவர்கள்தான் அதிகம்.

உடல்நிலை அல்லது போதைப்பழக்கம் காரணம் என்றால் சொந்த டாக்டரின் ஒரு வரிச் சீட்டு போதாது. உத்தரவின் காரணங்களை நிபுணரிடம் கொடுத்து, இந்த நிலையில் இவர் வேலை செய்தால் ஆபத்து உண்டா, எந்தக் கட்டுப்பாட்டோடு செய்யலாம் என்று நேரடியாகக் கேட்டு அறிக்கை வாங்குங்கள்.

மாற்றுத் திட்டம் இல்லாமல் போகாதீர்கள்

மேலே "மாற்றலாம்" என்பதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். முழு ரத்து கேளுங்கள், கூடவே, அது முடியாதென்றால் இந்தக் கட்டுப்பாடுகளோடு வேலை செய்ய விடுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். பெண் கிளையன்ட்களைப் பார்க்க மாட்டேன், இன்னொருவர் அறையில் இல்லாமல் யாரையும் தொட மாட்டேன், உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து எதுவும் பரிந்துரைக்க மாட்டேன், மேற்பார்வையாளர் மாதாமாதம் அறிக்கை அனுப்புவார், இப்படி. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பதிவுள்ள டாக்டருக்கோ நர்ஸுக்கோ நிபந்தனை போட்டால் கண்காணிக்க வாரியம் இருக்கிறது. உங்களுக்கு அப்படி ஒரு வாரியம் இல்லை. வீட்டில் தனியாகத் தொழில் நடத்துபவர் "ஆள் வைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால், வைத்தாரா இல்லையா என்று யார் போய்ப் பார்ப்பது? தீர்ப்பாயத்துக்கு இந்தக் கேள்வி வரும், அதற்குப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும். மேற்பார்வையாளரின் பெயர், தகுதி, உத்தரவைப் படித்துவிட்டேன், மீறினால் நானே ஆம்புட்ஸ்மனுக்குச் சொல்வேன் என்று அவர் கையெழுத்துப் போட்ட கடிதம், கிளையன்ட் பதிவேட்டை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற உங்கள் சம்மதம். மனைவியோ கணவரோ மேற்பார்வையாளர் என்று எழுதாதீர்கள், எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

விசாரணை நாளில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். நிதானமாக. ஆவணங்களை மட்டும் வைத்தும் முடிவெடுக்கலாம், அதனால் நேரில் பேசிச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று எழுத்தில் எதையும் விட்டுவைக்காதீர்கள்.

முடிவு வந்த பிறகு

இந்த உத்தரவுகளை ஆம்புட்ஸ்மன் அலுவலகம் பெயரோடு இணையதளத்தில் வெளியிட முடியும். ரத்தானால் உங்கள் பெயர் அங்கிருந்து எடுக்கப்பட்டதா என்று நீங்களே பார்த்து, இல்லையென்றால் தீர்ப்பின் நகலோடு எழுதிக் கேளுங்கள். கியூகேட்டில் ஜெயித்துவிட்டால் மற்ற எல்லாமும் தானாகத் திரும்பிவிடாது: குழந்தைகளோடு வேலை செய்வதற்கான புளூ கார்டு தனி, மாற்றுத்திறனாளிகளுக்கான என்டிஐஎஸ் திட்டத்தின் பணியாளர் அனுமதி தனி, அவற்றில் சிக்கல் வந்திருந்தால் அந்தந்த இடத்தில் தனியாக நடக்க வேண்டும். ஸ்பான்சர் விசாவில் இருப்பவர்கள் வேலை நின்ற உடனேயே ஒரு விசா வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது, கியூகேட் முடியட்டும் என்று இருந்தால் விசாவுக்கான கெடு தாண்டிவிடும்.

இன்னொரு மாநிலத்துக்குப் போய்த் தொழிலைத் தொடரலாம் என்ற யோசனையும் எடுபடாது. மாநிலங்கள் ஒன்றின் தடையை மற்றொன்று ஏற்கும்படி சட்டங்களை எழுதிவைத்திருக்கின்றன. அங்கே கிளினிக் வாடகைக்கு எடுக்கும் முன்பு அந்த மாநிலச் சட்டத்தைப் பார்க்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.

தோற்றுவிட்டாலும் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு, அதற்கும் குறுகிய கெடுதான், சட்டக் கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று தீர்ப்பைக் கையில் வாங்கிய வாரமே ஒருவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் ஆம்புட்ஸ்மனின் விசாரணைக்கு ஒத்துழைத்து, கேட்ட ஆவணங்களைக் கேட்ட தேதியில் கொடுத்து, சூழ்நிலை மாறும்போது திருத்தக் கேட்கலாம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று சில மாதத்துக்கு ஒருமுறை ஈமெயிலில் கேட்டு, வரும் பதிலையெல்லாம் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.